நூல் தமிழில் ஏழு மாதச் சண்டை

அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பேச்சு நின்றவர்கள் எப்படிப் பேசினார்கள் என்று கேட்டால், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். சோதனை அறையிலிருந்து வரும் அளவைப் பார்த்து லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, ஆளை உட்காரவைத்து மூக்கிலும் காதிலும் ஒழுங்காக நிற்கிறதா என்று பார்ப்பதுவரை அவள் பொறுப்பு. பதினெட்டு வருடக் கை. தெருவில் எதிரே வருகிறவரின் கண்ணாடி ஒரு நூல் கோணியிருந்தாலும் அவளுக்கு விரல் பரபரக்கும். ஒருமுறை பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவரின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, வளைத்துச் சரிசெய்து, திரும்ப மாட்டிவிட்டாள். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். நன்றியோடு இறங்கினாரா, பயந்து இறங்கினாரா என்பதில் அவளுக்கும் அவள் கணவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அவள் பெயர் அருள்மகள்.

அது பகடை ஆட்டம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, வாயாலேயே கற்பனைக் காட்டிலும் கோட்டையிலும் அலைவார்கள். எதிரில் என்ன வருகிறது என்று கதை நடத்துபவர் சொல்வார். என்ன செய்யப்போகிறோம் என்று இவர்கள் சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் பிழைத்தார்கள். சின்ன எண் விழுந்தால் போச்சு. கடவுளின் அருளை வாங்கிக் கூட வருகிறவர்களின் காயத்தை ஆற்றுகிற வேடத்துக்கு ஆட்டப் புத்தகத்தில் கிளெரிக் என்று பெயர். அந்த மேசையில் அதை அருள்மகள் ஆக்கியவர் நூலகர். கதை நடத்துபவரும் அவர்தான், இடம் கொடுப்பவரும் அவர்தான். விடுமுறை நாளில் நூலகத்தின் பின்னால் இருக்கும் பைண்டிங் அறையைத் திறந்துவிடுவார். பசை வாடையும் காகிதத் துகளும் நிறைந்த அறை. நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை.

அந்த அணியில் அருள்மகளைத் தவிர மூன்று பேர்.

முதல் ஆள் இரும்பன், கோடரி வீரன். அந்த வேடத்தில் இருப்பவர் பல் டாக்டர். வாரம் முழுக்க “ஒண்ணும் ஆகாது, வலிக்காது” என்று அடுத்தவரைச் சமாதானப்படுத்தியே தொண்டை வறண்ட மனிதர். ஞாயிறானால் யாருக்கும் எந்தச் சமாதானமும் சொல்லாமல் கோடரியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம். ஓடிப்போய் வெட்டு வாங்கி விழுவார். விழுந்த சத்தம் அடங்குமுன் அருள்மகள் காயத்தை ஆற்றியிருப்பாள்.

இரண்டாவது புகையன், நெருப்பு மந்திரவாதி. அது அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். அவர் நெருப்பை ஏவினால் எதிரிமேல் பாதியும் நம் ஆட்கள்மேல் மீதியும் படும். அருள்மகள் அவரைக் கடைசியாகத்தான் கவனிப்பாள். அதற்குமுன் ஒரு நீண்ட பிரசங்கம் உண்டு.

மூன்றாவது நிழலி, பூட்டுத் திறக்கும் திருடி. அவள்தான் தங்கை. நாலு நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை ஒன்றைத் தனியாளாக நடத்துகிறவள். நிழலிக்கு அடி விழுவதற்கு முன்பே அருள்மகளின் கை மருந்தோடு நீளும்.

நூலகர் ஆரம்பத்திலேயே ஒரு சட்டம் போட்டிருந்தார். வேடத்தில் பேசினால் நூல் தமிழ், ஆளாகப் பேசினால் வீட்டுத் தமிழ். இல்லாவிட்டால் “நான் போறேன்” என்று ஒருவர் சொன்னால் குகைக்குள் போகிறாரா, கழிப்பறைக்குப் போகிறாரா என்று யாருக்குத் தெரியும்?

சண்டை வந்தது உப்புப் பெறாத விஷயத்துக்கு. ஏழு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, தங்கை புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். பளிச்சென்ற சிவப்பு ஃபிரேம். அக்காவின் கடையில் வாங்கியதல்ல. எதிர்ச்சாரிக் கடையில் வாங்கியது. அக்கா ஒரு பார்வை பார்த்தாள். “செவப்பு உன் மூஞ்சிக்கு ஒத்துவராது” என்றாள். தங்கை, “உங்கிட்ட கேட்டேனா?” என்றாள். அதன்பின் ஒன்றுக்கு ஒன்பதாகப் பேச்சு வளர்ந்து, அன்றோடு வீட்டுத் தமிழ் நின்றுபோனது. ஆட்டத்தை விட்டுவிட மட்டும் இருவருக்கும் மனசில்லை. நான் ஏன் விடவேண்டும், அவள் விடட்டும் என்று வாராவாரம் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

இதனால் வந்த கூத்து கொஞ்சமல்ல. குடும்பச் சேதி எல்லாம் ஆட்டத்துக்குள் நுழைந்தது.

“நிழலியே, கேள்,” என்பாள் அக்கா, குகைக்குள் தீப்பந்தம் ஏந்தி நடக்கும்போதே. “நம் அன்னையிடமிருந்து ஓலை வந்திருக்கிறது. புதன்கிழமை அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் முறை உன்னுடையதாம்.”

“அவ்வாறே ஆகட்டும், அருள்மகளே. எந்த நேரத்துக்கு?”

“பத்தரை மணிக்கு. பழைய மருந்துச் சீட்டையும் மறவாமல் எடுத்துச் செல்.”

பல் டாக்டர் கோடரியோடு காத்திருப்பார். புகையன் தலையில் கைவைத்துக்கொள்வார். வீட்டிலும் அவர் பாடு திண்டாட்டம்தான். “உங்க கொழுந்தியா” என்று இங்கிருந்து ஒரு கணை போகும். “அத்தான், உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க” என்று அங்கிருந்து ஒன்று வரும். நடுவில் லிஃப்ட் மாதிரி மேலும் கீழும் போய்வந்தார் பாவம்.

எல்லாவற்றையும்விட அக்காவை வாட்டியது வேறொன்று. அந்தச் சிவப்புக் கண்ணாடி சரியாகப் பொருத்தப்படவில்லை. இடது பக்கம் இறங்கியிருந்தது. தங்கை ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அதை மேலே தள்ளினாள். வரைபடத்தைப் பார்க்கும்போது தாடையை உயர்த்தி, தலையை லேசாகச் சாய்த்தாள். லென்ஸின் நடுப்புள்ளி கண்மணிக்கு நேராக இல்லாதவர்கள் அப்படித்தான் சாய்ப்பார்கள். மாலையானால் நெற்றிப்பொட்டைத் தேய்த்துக்கொள்வாள். கண்ணாடிக்காரி ஒருத்தி வாரம் நாலு மணி நேரம் இதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு இருப்பதென்றால் எப்படி இருக்கும்? பகடையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

அந்த ஞாயிறு, அணி ஒரு பாலத்தின் முன் வந்து நின்றது. பாலத்தைக் கல் அரக்கன் ஒருவன் மறித்து நின்றான். நூலகர் களிமண்ணில் அரையடி உயரத்துக்கு ஒரு பொம்மையே செய்து வரைபடத்தின்மேல் நிறுத்தியிருந்தார். அரக்கனைப் பணியவைக்கும் மணி ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைத் திறக்க நிழலி குனிந்தாள். தங்கை பகடையை உருட்டினாள். மூன்று விழுந்தது.

“பூட்டு திறக்கவில்லை,” என்றார் நூலகர், குரலைத் தாழ்த்தி. “அதனுள்ளிருந்து நஞ்சு தடவிய முள்ளொன்று பாய்ந்து நிழலியின் விரலில் தைத்தது. விரல் நுனி கறுக்கத் தொடங்குகிறது.”

அவர் முடிக்கவில்லை, அருள்மகளின் கையில் பகடை குலுங்கியது. “நிழலியே, கையை நீட்டு. நஞ்சை இறக்குகிறேன்.”

“வேண்டாம்,” என்றாள் நிழலி.

மேசையில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். மூன்று வருட ஆட்டத்தில் அருள்மகளை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நூலகர் புத்தகத்தைப் புரட்டினார். “விருப்பமில்லாதவங்க மேல அருள் இறங்காதாம். போட்டிருக்கு,” என்றார் சங்கடத்தோடு.

“நஞ்சு தலைக்கேறினால் மடிவாய்,” என்றாள் அருள்மகள்.

“மடிகிறேன். விரல் என்னுடையது, நஞ்சும் என்னுடையது.”

“இத்தனை காலம் உன் காயங்களை ஆற்றியவள் யார்? நான்தானே?”

“ஆற்றினாய், மறுக்கவில்லை. ஒருமுறையேனும் ‘ஆற்றட்டுமா’ என்று கேட்டிருக்கிறாயா?”

“துடிக்கிறவளை எதிரே வைத்துக்கொண்டு கேள்வி கேட்டு நிற்க நான் என்ன மரமா?”

“எந்தப் பாதையில் நடப்பது, எவ்வேளையில் உறங்குவது, எந்த நிறக் கவசத்தை அணிவது, அனைத்தையும் நீயே தீர்மானிப்பாய். நான் வெறுமனே தலையை நீட்டவேண்டும்!”

கவசம் என்ற சொல் விழுந்ததும் பல் டாக்டர் கூரையை ஆராயத் தொடங்கினார். புகையன் கண்ணை மூடிக்கொண்டார்.

“செந்நிறக் கவசம் உன் வதனத்துக்குப் பொருந்தாது என்று சொன்னது ஒரு குற்றமா?” என்றாள் அக்கா.

“பொருந்துமா என்று உன்னை யார் கேட்டார்கள்? ஏழாம் வகுப்பு முதல்...”

ஓநாய்களோடு காட்டில் வளர்ந்த நிழலி எப்போது ஏழாம் வகுப்புப் படித்தாள் என்று நூலகர் குறிப்பேட்டைப் புரட்டினார். அதற்குள் தங்கை எழுந்து நின்றுவிட்டாள்.

“ஏழாங்கிளாஸ்ல இருந்து எனக்கு எல்லாக் கண்ணாடியும் நீதான் எடுத்துக் குடுத்திருக்க! எல்லாம் பிரவுன்! ஒண்ணு பாக்கியில்லாம பிரவுன்! முப்பத்தஞ்சு வயசுல ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டு செவப்பு போட்டுக்கிட்டு வந்தா, வாசல்ல நுழையறதுக்குள்ள ‘ஒத்துவராது’ங்கிற!”

நூலகர் பென்சிலை உயர்த்தினார். “ஒரு நிமிஷம். இப்ப பேசுறது யாரு? நிழலியா, நீங்களா?”

“நான்தான் சார்!” என்றாள் தங்கை.

“அவதான் சார், நீங்க சும்மா இருங்க!” என்றாள் அக்கா. அவளும் எழுந்திருந்தாள். “ஏண்டி, என் கடை வாசலைத் தாண்டித்தானே எதிர்க்கடைக்குப் போன? உள்ள வந்து ‘அக்கா, எனக்குச் செவப்பு வேணும்’னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவ?”

“சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? ‘எல்லாம் எனக்குத் தெரியும், உக்காரு’ன்னு ஒரு பிரவுனை எடுத்து மாட்டியிருப்ப!”

இல்லை என்று சொல்லத்தான் அக்கா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. ஏனென்றால், கடையில் அவள் மேசை இழுப்பறையில், போன மாதம் வந்த புதுச் சரக்கிலிருந்து தங்கைக்கென்று பொறுக்கி எடுத்து, துணியில் சுற்றி வைத்த ஃபிரேம் ஒன்று கிடந்தது. சண்டை தீர்ந்தால் கொடுக்கலாம் என்று வைத்தது. அதை நினைத்ததும் அவள் காது சூடேறியது.

“என்ன, பேச்சைக் காணோம்?” என்றாள் தங்கை.

“ட்ராயர்ல ஒண்ணு வச்சிருக்கேன்,” என்றாள் அக்கா, மெதுவாக. “உனக்குன்னு.”

“என்ன கலர்?”

அக்கா பகடையை உள்ளங்கையில் திருப்பினாள்.

“பிரவுன்,” என்றாள் அக்கா.

முதலில் சிரித்தது புகையன்தான். ஏழு மாதம் அடக்கிவைத்த சிரிப்பு. குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. பல் டாக்டர் அவர் முதுகில் தட்டப்போய்த் தானும் சிரித்தார். அக்காவுக்கு உதடு துடித்தது. “அழகான பிரவுன்டி,” என்றாள், அழுவதா சிரிப்பதா என்று தெரியாத குரலில். அவ்வளவுதான், தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குனிந்த வேகத்தில் சிவப்புக் கண்ணாடி மூக்கைவிட்டு நழுவி வரைபடத்தில் விழுந்து, கல் அரக்கனை மல்லாக்கத் தள்ளியது. அரக்கனின் தலை தனியாக உருண்டு ஓடியது.

“மூணு நாள் உக்காந்து செஞ்சேன்,” என்றார் நூலகர். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

அக்கா கண்ணாடியை எடுக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அது அவளுக்குப் புதுப் பழக்கம். தசை வலித்தது என்றே சொல்லலாம்.

“சரி பண்ணட்டுமா?” என்று கேட்டாள்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்காவை உற்றுப் பார்த்தாள். கண்ணாடி இல்லாததால் அக்கா கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்திருப்பாள். “பண்ணு,” என்றாள். “ஆனா கலரைப் பத்தி மூச்சு விடக்கூடாது.”

“விடலை.”

அக்கா பிளாஸ்கிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தேநீரைக் கோப்பையில் ஊற்றினாள். குடிக்க அல்ல. கண்ணாடியின் காதில் மாட்டும் பகுதியைக் கோப்பையின் வெளிப்புறத்தில் சாய்த்துப் பிடித்து, சூடேறி இளகியதும் கட்டைவிரலால் நிதானமாக வளைத்தாள். ஒளியில் தூக்கிப் பிடித்து ஒற்றைக்கண்ணால் பார்த்தாள். மறுபடி சூடு காட்டினாள். பல் டாக்டர் தொழில்காரர் தொழில்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அக்கா மேசையைச் சுற்றி வந்து, தங்கையின் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிவிட்டாள்.

“குனிஞ்சு பாரு. தலையை ஆட்டு.”

தங்கை தலையை ஆட்டினாள். கண்ணாடி அசையவில்லை. “அந்தக் கடைக்காரர் மூணு தடவை முறுக்கிக் குடுத்தாரு, நிக்கவே இல்லை,” என்றாள்.

அக்காவுக்கு அந்தக் கடைக்காரரைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கினாள். “சாயங்காலமானா தலை வலிக்குதா?”

“வலிக்குது.”

“லென்ஸ் நடு தள்ளி உக்காந்திருக்கு, அதான். ஃபிரேம் இதே இருக்கட்டும், லென்ஸ் மட்டும் மாத்திடலாம். நாளைக்குக் கடைக்கு வர்றியா?”

“இது கேக்குறதா, சொல்றதா?”

அக்கா ஒரு கணம் யோசித்தாள். “கேக்குறது.”

“அப்ப வரேன்.”

அக்கா திரும்பித் தன் நாற்காலிக்கு நடந்தாள். நாலே அடி தூரம்தான். கால் தரையில் பாவாத மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் மேசையைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டாள்: “மத்தவங்களுக்கும் இந்தக் குறை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. கேக்காம ஆத்துறேன்னு.”

பல் டாக்டர் பதறிப்போனார். “அக்கா, என்னை மட்டும் கேக்காதீங்க! நான் பாட்டுக்கு விழுறேன், நீங்க பாட்டுக்கு ஆத்துங்க. உலகத்துல என்னைக் கேக்காம கவனிக்கிறது அந்த ஒரு எடத்துலதான்.”

“எனக்குப் பிரசங்கத்தை மட்டும் பாதியா குறைச்சா போதும்,” என்றார் புகையன்.

“அது முடியாது,” என்றாள் அக்கா.

நூலகர் அரக்கனின் தலையைப் பசை போட்டு ஒட்டி நிறுத்தினார். ஆட்டம் மறுபடி தொடங்கியது. தங்கை முதுகை நிமிர்த்தி, கையை மேசைமேல் நீட்டினாள்.

“அருள்மகளே, என் கை மணிக்கட்டுவரை கறுத்துவிட்டது. நானே கேட்கிறேன். ஆற்றுவாயாக.”

“ஆற்றுகிறேன், நிழலியே.”

இப்படி மனம் ஒன்றிக் கேட்ட பிறகு பகடை இருபது காட்டவேண்டும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அக்கா இரண்டு கையாலும் குலுக்கி, ஊதி, உருட்டினாள். பகடை மேசையின் நீளத்துக்கு ஓடி, பசை டப்பாவில் முட்டி நின்றது.

இரண்டு.

“அருள் இறங்கவில்லை,” என்றார் நூலகர். “நிழலி மயங்கிச் சரிகிறாள்.”

“அடிப்பாவி!” என்றாள் நிழலி.

“மயக்கத்துல இருக்கிறவங்க பேசக்கூடாது.”

“சார், ஏழு மாசம் பேசாம இருந்துட்டேன். இன்னொரு நிமிஷம்கூட என்னால ஆகாது.”

ஆக, மயங்கிய நிழலியை இரும்பன் தோளில் போட்டுக்கொண்டான். பெட்டி திறக்கவில்லை, மணி கிடைக்கவில்லை; புகையன் நெருப்பை ஏவி அரக்கனின் கவனத்தைத் திருப்ப, மூவரும் பாலத்தில் தலைதெறிக்க ஓடினார்கள். வழக்கம்போல நெருப்பில் பாதி இரும்பன்மேல் பட்டது. தோளில் தொங்கியபடியே நிழலி, இடப்பக்கம் பலகை இற்றிருக்கிறது, வலப்பக்கம் போ, இத்தனை ஆட்டாதே என்று வழி சொல்லிக்கொண்டு வந்தாள். நூலகர் தடுத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். பாலத்தின் அந்தக் கரையில் அருள்மகள் மறுபடி உருட்டியபோது பதினாறு விழுந்தது, நஞ்சு இறங்கியது. அப்போது இரும்பன் முதுகு தீய்ந்து குப்புறக் கிடந்தான். அருள்மகளும் நிழலியும் அதைக் கவனிக்கவில்லை. எதிர்க்கடையில் வேறு என்னென்ன நிறங்கள் இருந்தன என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மணிக்கு நூலகர் அறையைப் பூட்டினார். பல் டாக்டர் தன் வண்டியில் ஏறிக் கையசைத்துப் போனார். பேருந்து நிறுத்தத்தில் அக்காவும் தங்கையும் பெஞ்சில் உட்கார்ந்து, அம்மாவின் புது மாத்திரை, தங்கையின் கடைக்கு வந்த விசித்திர வாடிக்கையாளர், மேல்வீட்டுக்காரர் மாற்றிய கதவு என்று ஏழு மாதச் சேதியை ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பேசினார்கள். இரண்டு பேரின் பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு அக்காவின் கணவர் பக்கத்தில் நின்றார். வீட்டுக்குப் போகும் பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது. ஓட்டுநர் அவரைப் பார்த்தார். அவர் பெஞ்சைப் பார்த்தார். அங்கே யாரும் தலை தூக்கவில்லை.

“நீங்க போங்க,” என்றார் ஓட்டுநரிடம். “நாங்க அடுத்ததுல வரோம்.”